நாரைகள் கூடு கட்டிய வருஷத்தில் உன் கல்யாணம்

இன்று காலை ஆர்.எஸ்.மங்கலம் போகும் பேருந்து கண்மாய்க் கரையில் திரும்பியதும், பறவை எச்சமும் ஈரக் கருவேலமும் கலந்த அந்த வாடை சன்னல் வழியே வந்தது. பக்கத்தில் இருந்தவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் தலையை வெளியே நீட்டினேன். மரம் கொள்ளாத நாரைகள். நீ எங்களை விட்டுப் போன பிறகு வந்த முதல் மழைக்காலம் இது. உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஐம்பதுகளில், உங்கள் ஊருக்கு நான் அறிவியல் வாத்தியாராக வந்த இரண்டாம் வருஷம். நாரைகள் முட்டையிட்டுக் குஞ்சுகள் பறக்கும்வரை ஊரில் மேளமும் கிடையாது, வேட்டும் கிடையாது. அந்த வருஷம் ஐப்பசி பொய்த்தது. வந்த நாரைகள் வெடித்த கண்மாயில் சும்மா நின்றன. உனக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் தாலி கட்டுவதுதான் உங்கள் வழக்கம்; மாப்பிள்ளை நீ, பந்தல் உங்கள் ஊரில். மேளத்துக்குச் சொல்லலாமா என்று உன் அய்யா என்னிடம் கேட்டார்.

நான் புத்தகத்தைப் பிரித்தேன். "பகலோட நீளத்தை வச்சுத்தான் பறவையோட மூளைக்கு அடியில இருக்கிற சுரப்பி முழிக்கும். அது விடுற ஹார்மோன் ரத்தத்துல கலந்தாத்தான் ஜோடி சேரும், கூடு கட்டும். அந்த நாள் போயிருச்சு. இனி அடுத்த வருஷந்தான். தைரியமாச் சொல்லுங்க" என்றேன்.

கார்த்திகைக் கடைசியில் விடாமல் மழை கொட்டியது. கண்மாய் நிரம்பியது. மார்கழியில் ஒருநாள் நீ வகுப்பு வாசலில் வந்து நின்றாய். "வாத்தியாரே, ஒன் சுரப்பி முழிச்சிருச்சு போல. கூடில்லாத கெளையே இல்ல!"

நீ சிரித்தாய்; நான் பாடத்தைப் பாதியில் விட்டுக் கரைக்கு ஓடினேன். மேளம் கிடையாது என்று ஊர் சொல்லிவிட்டது. முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து உன் வருங்கால மாமனார் ஆள் அனுப்பினார்: மேளம் இல்லையென்றால் பெண் இல்லை.

தப்பு என்னுடையது என்று சொல்ல உன்னோடு நானும் பஸ் ஏறினேன். அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"எழவு வீட்டுக்கே கொட்டு உண்டு. எம்மகளுக்குக் கெடையாதா?"

நான் விளக்கப் பார்த்தேன். பகல் மட்டும் போதாது, நிறைந்த கண்மாயும் குஞ்சுக்கு மீனும் தெரிந்த பிறகே இந்தப் பறவைக்கு உடம்பு இசைகிறது. மேளத்துக்கு மிரண்டு எழுந்தால் முட்டையைக் காக்கை கொண்டுபோகும். ஓயாமல் பயந்தால் பயத்துக்கென்று ஊறும் ஹார்மோன் ஜோடி சேர்க்கும் ஹார்மோனை அடக்கிவிடும், கூட்டையே விட்டுப் போய்விடும் என்றேன்.

"நாரைக்கு இம்புட்டுப் பாக்குறீக. எம்புள்ளைக்கு யாரு பாப்பா?" என்றார்.

நீதான் மெதுவாகச் சொன்னாய்: "மாமா, நடவுல எங்கூருப் பொம்பளைக கொலவை போடுவாக. ஒரு நாரை எந்திரிச்சதில்ல. பழகுன சத்தம். கொலவையிலயே தாலி கட்டிர்றேன்."

உள்ளேயிருந்து உன்னவளின் குரல் வந்தது. "அய்யா, நம்மூருப் பொம்பளைகளும் போடுவாகல்ல? ரெண்டு ஊருக் கொலவையும் சேந்தா எந்த மேளம் எதுத்து நிக்கும்?"

மனிதருக்கு மீசை துடித்தது. பிறகு அது சிரிப்பு என்று தெரிந்தது. "ஏலே, வாத்தியாருக்கு மோரு கொண்டாங்கடா" என்றார்.

தை முகூர்த்தத்தில் இரண்டு ஊர்க் குலவையும் எழுந்தது. குலவை ஓய்ந்த நொடியில், கரை மரங்களில் ஜோடி நாரைகள் அலகோடு அலகைத் தட்டும் சத்தம் கடகடவென்று பந்தல்வரை கேட்டது. உன் மாமனார் திரும்பிப் பார்த்தார். "எவன்டா அது, சொல்லாமக் கொள்ளாம மேளம் அடிக்கிறவன்?" பந்தலே சிரிப்பில் குலுங்கியது. ஒரு நாரைகூட எழவில்லை.

பந்தியில் நான் இலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். நீ மாலையோடு வந்து பக்கத்தில் குந்தி, என் காதில் சொன்னாய்: "பொஸ்தகம் எழுதுனவன் நம்ம கம்மாயப் பாத்திருக்க மாட்டான், வாத்தியாரே. நீ பாத்துட்டேல்ல, எழுதி வையி."

அன்று மாலையே புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: 'கண்மாயும் நிறைந்திருக்க வேண்டும்.' ஓய்வுபெறும்வரை, சுரப்பிகள் பாடத்தை அந்த வரியிலிருந்துதான் தொடங்கினேன்.