ஆழி போன இடம்

கூரியர்காரர் வாசலில் நின்று குரல் கொடுத்தபோது அடுப்பில் தோசை இருந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்ப் பொட்டலத்தை வாங்கினேன். பிரிப்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. புது மையும் பசையும் கலந்த வாசனை. முகத்தை வைத்து இழுத்து இழுத்து உறிஞ்சுவாயே, அதேதான். மேலே ஒட்டிய சீட்டில் 'தூண்' என்று போட்டிருந்தது. தூண் உன் பங்கு. அதனால் பிரிக்காமல் அலமாரி மேல் வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் தோசை கருகிக் கிடக்கிறது.

உன் காரியம் முடிந்து வருஷம் திரும்பிய பிறகு வந்த முதல் தூண் புத்தகம் இது. நம் பதிப்பகத்தாரின் வேகம் உனக்குத் தெரியாததா? ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நீ அலைந்துகொண்டிருந்தபோது சந்தாவை என் பெரியபாளையம் விலாசத்துக்கு மாற்றிக் கொடுத்தாயே, அது அப்படியே இருக்கிறது. நீதான் இல்லை.

வேறு யார் கையிலாவது இந்தக் கடிதம் கிடைத்தால் ஒன்றும் புரியாமல் விழிக்கக் கூடாது என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். பொறுத்துக்கொள். நாம் படித்த படக்கதைகளில் வரும் விடியல் குடும்பத்தில் நான்கு பேர். அப்பா தூண், எந்தப் பாரத்தையும் தாங்குவார். அம்மா ஆழி, தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் அவளுக்கு வழி. மகள் பொறி, விரலைச் சொடுக்கினால் நெருப்பு. மகன் நிழல், சுவரோடு சுவராகப் போய் எல்லாவற்றையும் பார்த்துவிடுவான். நான்கு பேருக்கும் தனித்தனியே புத்தக வரிசை. ஆனால் குடும்பம் ஒன்றுதானே! ஒரு சண்டை தொடங்குவது ஒருவர் புத்தகத்தில், அடி விழுவது இன்னொருவர் புத்தகத்தில், காயத்துக்கு மருந்து போடுவது மூன்றாமவர் புத்தகத்தில். நான்கையும் விடாமல் தொடர்ந்தால்தான் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று விளங்கும்.

நாம் நடுவில் ஏறியவர்கள். பவானி அம்மன் கோயில் ஆடித் திருவிழாவில், வளையல் கடைக்கும் பொரிக் கடைக்கும் நடுவே சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்றவரிடம், அட்டை கிழிந்த 'பொறி' ஒன்றை நீ எடுத்தாய். "இன்னாடி இது, பொண்ணு கையில நெருப்பு வருது! நம்ம சூப்பர்வைசர் மேல வுட்டா சூப்பரா இருக்கும்" என்றாய். வேப்பிலை கட்டி வலம் வந்தவர்கள் கூட்டத்துக்கு நடுவில் நின்றபடியே படித்து முடித்தோம். கடைசிப் பக்கத்தில் 'தொடர்ச்சியை ஆழி இதழில் காண்க' என்று ஒரு வரி. அந்த ஒரு வரி நம் இரண்டு பேரையும் எத்தனை வருஷம் இழுத்துக்கொண்டு போனது, பார்.

நான்கு வரிசையையும் ஆளுக்கு ஆள் வாங்குவது வீண் என்று பங்கு போட்டதும் நீதான். ஆழியும் பொறியும் எனக்கு. தூணும் நிழலும் உனக்கு. தூண்தான் வேண்டும் என்று நீ அடம்பிடித்ததற்குக் காரணமும் சொன்னாய். "எங்க ஊட்டுக்காரு மாதிரியே இருக்கான்டி. பாரம் தூக்குறான், வாயத் தொறக்க மாட்டேன்றான்." கூடவே ஒரு சட்டமும் போட்டாய். யார் பங்குப் புத்தகமோ அவள்தான் முதலில் பிரிக்க வேண்டும், முதலில் படிக்க வேண்டும். மற்றவள் தொடக்கூடக் கூடாது. படித்தவள் கதையை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. அம்மன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாய். ஒரு தடவை பொறிக்குக் கல்யாணப் பேச்சு வந்ததை நான் லேசாக உளறப் போக, மூன்று நாள் என்னோடு பேசாமல் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தவள்தானே நீ?

கம்பெனி பஸ்தான் நமக்குப் படிப்பறை. மணவாள நகரில் ஏறி, பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாய். பெரியபாளையத்தில் நான் ஏறுவேன். ஆரணி, புதுவாயல் என்று பஸ் குலுங்கிக்கொண்டு போக, பங்குக்காரி ஒரு தடவை படித்து முடித்த பிறகு, ஒரே புத்தகத்தில் இரண்டு தலை. நான் எழுத்தைப் படிப்பேன். நீ முதலில் முகங்களைப் படிப்பாய். "இந்தாளு பொய் சொல்றான், கண்ணப் பாரு" என்று விரலால் குத்துவாய். அடுத்த பக்கத்தில் அவன் பொய்தான் சொல்லியிருப்பான். கும்மிடிப்பூண்டி வந்து கம்பெனி வாசலில் இறங்கினால் புத்தகம் பைக்குள் போய்விடும். அப்புறம் நாள் முழுக்க நீ கார்களுக்கான வயர்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து டேப் சுற்றுவாய், நான் அடுத்த மேஜையில் அவற்றைச் சோதிப்பேன். கண் மட்டும் பேசிக்கொள்ளும்.

நம் பெரிய சண்டை, எதை முதலில் படிப்பது என்பதுதான். எது முதலில் நடந்ததோ அதை முதலில் படிக்க வேண்டும் என்பேன் நான். நீ கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்வாய். அப்படிப் படித்துத்தான் மாட்டிக்கொண்டோம். நிழல் வரிசையில் தூண் திடீரென்று வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். பையனுக்குக் காய்ச்சல், அப்பனைக் காணோம். மாதக்கணக்கில் அந்த மனிதரைத் திட்டித் தீர்த்தோம். நீ சொன்ன வசவுகளை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பிறகு தூண் புத்தகம் வந்தது. பாவம், உடையப் போகும் ஒரு அணையைத் தோளில் தாங்கிக்கொண்டு அத்தனை நாளும் அங்கேயே நின்றிருக்கிறார். நீ பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாரிப்பா, தப்பா நென்ச்சிட்டேன்" என்றாய். டிரைவர்கூடச் சிரித்தார்.

"இதுக்குத்தான் வரிசையாப் படிக்கணும்னு தலதலயா அட்ச்சிக்கிறேன்" என்றேன். அதற்கு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நம்ம கத மட்டும் வரிசையாவா தெரியுது? என் கதையில நீ எவ்ளோ வர்றியோ, அவ்ளோதான்டி உன்ன எனக்குத் தெரியும்."

உனக்கு நோய் என்பதும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது, தாமதமாக, பாதியாக. கேன்டீனில் தயிர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "கொஞ்ச நாளு வேலைக்கு வர மாட்டேன்டி, வயித்துல இன்னாவோ கட்டியாம்" என்றாய், ரேஷன் கடையில் சர்க்கரை போடவில்லை என்பது மாதிரி. மறுநாள் பக்கத்து இருக்கையில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு நியாயமே கிடையாது.

நீ சென்னையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தூண் பொட்டலம் ஒன்று என் வீட்டுக்கு வந்தது. சட்டம் சட்டம்தானே! பிரிக்காமல் பையில் போட்டு, திருநின்றவூர் வந்து ரயில் பிடித்து, கொண்டுவந்து உன் கையில் கொடுத்தேன். மெலிந்த விரல்களால் நீயே பிரித்தாய். மூக்கை வைத்து உறிஞ்சினாய். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த முறை வந்தபோது தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்து, "நல்லாக்குது, நீ படி" என்றாய்.

ரயிலில் உட்கார்ந்து படித்தேன். அதில் ஆழி இறந்துபோகிறாள். காணாமல் போகவில்லை, மயங்கவில்லை, இறந்தே போகிறாள். அணையைத் தாங்கிய தூண் கடற்கரையில் தன் பெண்டாட்டியைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு முழுப் பக்கம், எழுத்தே இல்லை. படுக்கையில் கிடப்பவளுக்கு இதையா ரயிலேறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்? யாராக இருந்தாலும் ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்திருப்பார்கள். பார்த்திருந்தால் 'இன்னும் புக்கு வரலடி' என்று ஒரு பொய்யோடு போயிருக்கும். நம் இரண்டு பேரைத் தவிர இந்த உலகத்தில் யாரும் அப்படி ஒரு காரியத்தைச் செய்திருக்க மாட்டார்கள்.

அடுத்த தடவை நான் வந்தபோது உனக்குப் பேச்சில்லை. கேட்க முடியவில்லை. காரியத்தன்று அந்தப் புத்தகத்தை உன் வீட்டு அலமாரியில் மற்றவற்றோடு வைத்துவிட்டு வந்தேன். ஆனால் கேள்வி என்னோடு வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு நீ என்ன நினைத்தாய்? தனியாகக் கிடந்து அழுதாயா? என்னைத் திட்டினாயா? பஸ்ஸில், மேஜையில், தோசைக்கல் முன்னால், வருஷம் முழுக்க இதே கேள்விதான்.

போன ஞாயிற்றுக்கிழமை புதுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மணவாள நகர் போனேன். நீ இல்லாவிட்டால் உன் பங்கை உன் வீட்டுக்காரர்தானே பிரிக்க வேண்டும்? உன் வீட்டுக்கார அண்ணன் வாசலில் தன் லோடு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு "வாம்மா, வா" என்று உள்ளே கூட்டிப்போய் டீ போட்டுக் கொடுத்தார்.

"அவ பங்குக்கு வந்த புக்குண்ணே. நான் பிரிக்கக் கூடாது. அதான் உங்ககிட்ட குடுக்கலாம்னு."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தூணா? இன்னா பண்றானாம் அந்த ஆளு இப்ப? பசங்கள வச்சிக்கினு அல்லாடுறானா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க இதெல்லாம் படிப்பீங்களாண்ணே?"

"நான் எங்கம்மா படிக்கிறது! எழுத்துக் கூட்டிப் படிச்சா ஒரு பக்கத்துக்கே பேஜாரா பூடும். அவதான் சொல்லுவா. வேல வுட்டு வந்து சோறு வடிச்சிக்கினே சொல்லுவா. நான் டிவி பாக்குற மாதிரி இருப்பேன். காது மட்டும் அங்கதான் இருக்கும்."

அடிப்பாவி! அம்மன் சத்தியம் எனக்கு மட்டும்தானா? என் ஆழியையும் பொறியையும் சேர்த்தல்லவா உன் சமையலறையில் கொட்டியிருக்கிறாய்! கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அண்ணன் சொல்லச் சொல்லத்தான் இன்னொன்று புரிந்தது. நீ சொன்னது புத்தகத்தில் இருந்த கதையும் அல்ல. கவரப்பேட்டை மேம்பாலத்தில் கவிழ்ந்த லாரியைத் தூண் நிமிர்த்தி வைக்கிறாராம். பொறி நம் கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம். சூப்பர்வைசர் கத்தினால் அவன் டீ மட்டும் கொதித்துப் பொங்குமாம். பெரியபாளையத்தில் ஏறும் ஒரு பெண்ணும் கதையில் உண்டாம். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல் என்று உயிரை வாங்குவாளாம்.

"அது நீதான்னு எனக்கு அப்பவே தெரியும்மா" என்று சிரித்தார்.

அச்சில் நான்கு வரிசை. உன் வீட்டில் ஐந்தாவதாக ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியாது.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "ஆழி இன்னா ஆனான்னு சொன்னாளாண்ணே?"

டீ கிளாசைக் கீழே வைத்தார். "ஆஸ்பத்திரில சொன்னா. நீ அந்த புக்கு குடுத்துட்டுப் போனியே, மறுநாளு. ஆழி பழவேற்காடு முகத்துவாரம் தாண்டி கடலுக்குள்ள போறாளாம். போற எடம் ரொம்ப தூரமாம். தூணு எதையும் தூக்கிக்கினு பின்னாடி வரக் கூடாதாம். வேளைக்கித் துன்னணுமாம், வண்டிய வெரட்டிக்கினு ஓட்டக் கூடாதாம், பசங்க மேல எரிஞ்சி வுழக் கூடாதாம். இதெல்லாம் சொல்லிட்டுப் போறாளாம்."

"தூணு இன்னா சொன்னாரு?"

"அதத்தாம்மா நானும் கேட்டேன். 'அது எனக்குத் தெரியாது, நீதான் சொல்லணும்'னா." வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். "செரின்னான்னு சொன்னேன்."

நான் அழுதேன். மறைக்க ஒன்றும் இல்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "புக்குல எப்டி போட்டுக்கிறான்?" என்று கேட்டார்.

வரிசை, வரிசை என்று உயிரை வாங்கியவள்தான் நான். எல்லாம் அச்சில் இருக்கிறபடியே இருக்க வேண்டும் எனக்கு. ஆனால் நான் கொண்டுவந்து கொடுத்ததை நீ என்ன செய்தாய் என்று அப்போதுதான் தெரிந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றை அவரிடம் சொல்ல உனக்கு அது வழியாக இருந்திருக்கிறது. "புக்குக்காரன் மாத்திப் போட்டுட்டாண்ணே. அவ சொன்னதுதான் கரெக்டு" என்றேன்.

கிளம்ப எழுந்தேன். "இரும்மா, மணி ஒண்ணாச்சி. துன்னுட்டுப் போ" என்றார். சோறு வடித்து, புளிக்குழம்பு வைத்து, அப்பளம்கூடப் பொரித்திருந்தார். குழம்பில் உப்பு தூக்கல். நான் சொல்லவில்லை. அவர் இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டு, அவசரப்படாமல், தட்டைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன்.

அச்சில் இந்தக் குடும்பத்தை இனி யார் எப்படி முடித்தாலும் முடிக்கட்டும். நான் உனக்கு எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. உன் வீட்டுத் தூண் வேளைக்குச் சாப்பிடுகிறார். என் கண்ணால் பார்த்தேன். நீ எவ்வளவு தூரம் போயிருந்தாலும் இது உனக்குத் தெரிய வேண்டும்.