தைலம் மணக்கும் மின்பட்டை

அண்ணி,

இடுப்பில் கட்டலாமென்று உங்கள் மின்பட்டையை எடுத்தேன். ஒட்டும் வில்லையில் இன்னும் தைல வாசனை. கை அப்படியே நின்றுவிட்டது.

பாபநாசம் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நான்தான் உங்கள் இடுப்பு வலிக்கு இதை வாங்கி வந்தேன். நரம்பில் லேசாக மின்சாரம் பாய்ச்சி வலியை மட்டுப்படுத்தும் கருவி. முதல் நாள் நீங்கள் தைலத்தைத் தேய்த்து அதன்மேலேயே ஒட்ட, வில்லை வழுக்கிச் சேலைக்குள் போய்விட்டது. துடைத்து ஒட்டியதும், "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. ஆனா கடிக்கல, நல்ல எறும்பு" என்று சிரித்தீர்கள்.

வீட்டில் ஓய்வாக இருக்கும்போது போடச் சொன்னேன். நீங்களோ நடவுக்குக் கொண்டுபோனீர்கள். சோற்று வேளையில் வரப்பில் உட்கார்ந்து இருபது நிமிடம் போட்டுக்கொண்டு, கழற்றிவைத்துவிட்டு மறுபடி சேற்றில் இறங்குவீர்கள். வரிசையில் ஒருத்தி பின்தங்கினால் அவள் பங்கு பக்கத்தில் நடுபவள் தலையில் விழும். அப்படியொரு பேச்சு வாங்குவது உங்களுக்கு ஆகாது.

"டாக்டர்ட்ட காட்டிருவோம் அண்ணி."

"வலிதான் விட்டுடுச்சே. நடவு முடியட்டும், பாப்போம்."

குறுவை நடவு முடிந்து சம்பா நடவும் வந்தது. காரணம் தெரியாத வலிக்கு டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது என்று பெட்டியிலிருந்த தாளில் எழுதியிருந்தது. கடைக்கு வருபவர்களுக்கெல்லாம் அதைப் படித்துச் சொல்லும் நான், உங்களுக்கு மட்டும் புது வில்லைகளாகக் கொண்டுவந்து தந்தேன். கடைசியில் தஞ்சாவூரில் ஸ்கேன் படம் எடுத்தபோது முதுகெலும்பில் கட்டி. "முன்னாடியே வந்திருக்கலாமேம்மா" என்றார் டாக்டர். நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த நடவுக்கு நீங்கள் இல்லை.

இப்போது மூன்று மாதமாக எனக்கும் அதே இடத்தில் வலி. கடையில் நாளெல்லாம் நிற்பதால்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். நம்ப முடியவில்லை. இன்று காலை அதே டாக்டரைப் பார்க்கப் போகிறேன். பஸ் குலுக்கலைத் தாங்க வேண்டுமே என்றுதான் இதை எடுத்தேன்.

கட்டவில்லை அண்ணி. பைக்குள் போட்டுவிட்டேன். அவர் அழுத்திப் பார்க்கும்போது வலிக்கிற இடம் வலிக்கட்டும்.

பயமாக இருக்கிறது. படத்தில் என்ன வருமோ என்று மட்டுமல்ல. "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று யார் கேட்டாலும் உடனே இல்லையென்று தலையாட்டுவீர்களே, அந்தத் தலையாட்டல் எனக்கும் வந்திருக்கிறது. நேற்று அண்ணன் கேட்டபோது அப்படித்தான் ஆட்டினேன். இன்று பஸ்ஸில் போகும் வழியெல்லாம், 'ஆமாம், வலிக்குது' என்று சொல்லிப் பழகிக்கொண்டே போக வேண்டும்.