கழுவித் துடைத்த வயிறு

மார்ச் 4
பால்காரரின் செவலைப் பசுவுக்கு ஆபரேஷன். வயிற்றைத் திறந்தால் இரண்டு வாளி பிளாஸ்டிக் பை, ஒற்றைக் குழந்தைச் செருப்பு. எல்லாவற்றையும் அள்ளிப்போட்டு, இரைப்பையைக் கழுவோ கழுவென்று கழுவினேன். என் சமையல் மேடையைக்கூட நான் அப்படித் துடைத்ததில்லை. "கைராசி டாக்டரம்மா" என்றார். மறுக்கவில்லை. படம் எடுத்து டாக்டர்கள் குழுவில் போட்டேன். நாற்பத்தோரு கைதட்டல்!

மார்ச் 5
பசு தின்னவில்லை. முதல் நாள் அப்படித்தான்.

மார்ச் 6
தீனி இல்லை, அசை இல்லை, சாணியும் இல்லை. இடது விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். நிமிடத்துக்கு ஒரு தடவையாவது உருள வேண்டிய வயிறு கம்மென்று கிடக்கிறது. "ஆபரேஷன் பண்ணா இப்படித்தாங்க" என்று சொல்லிவைத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த வீட்டில் கறவை இது ஒன்றுதான். போய்விட்டால்?

வீட்டில் கணவர், "சாப்டியா? உன்னத்தான் கேக்கறேன், மாட்ட இல்ல" என்றார். மாடு, நான், இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

மார்ச் 7
குளிக்கும்போது உறைத்தது. தீனியை மாடா செரிக்கிறது? உள்ளே இருக்கும் கோடிக் கிருமிகள் அல்லவா! அத்தனையையும் கழுவிவிட்டு, போதாததற்கு உள்ளேயே ஆன்டிபயாட்டிக் வேறு கொட்டியிருக்கிறேன். வயிற்றிலிருந்து எடுத்த சாற்றில் கொஞ்சம் திரும்ப உள்ளே ஊற்றியிருந்தால் போதும். இரண்டாம் வருஷப் பாடம்டி! பதக்கம் வாங்கின பாடம்! அறிவு எங்க போச்சு?

பால்காரர் தொழுவத்துக்கு ஓடினேன். அங்கே கறவை நின்ற கிழட்டுப் பசு ஒன்று உண்டு. "இதுக்கு ஏன் தண்டமா தீனி போடறீங்க?" என்று நான் கேட்ட அதே கிழடு, நிழலில் அசை போட்டுக்கொண்டிருந்தது. வாயில் குழாய் விட்டு அதன் இரைப்பைச் சாற்றில் அரை வாளி உறிஞ்சி, வடிகட்டி, சூடு ஆறுமுன் செவலைக்குள் விட்டேன். கொஞ்சம் என் மேலும். ஏன் என்று பால்காரர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பயம்.

மார்ச் 8
இன்னொரு அரை வாளி. விலாவில் ஏதோ உருண்டது. என் வயிறாகவும் இருக்கலாம்.

மார்ச் 9
சாணி! கொஞ்சம்தான், கறுப்பாக. பார்த்ததும் அழுதுவிட்டேன். பிறகு அசையும் போட்டது.

பால்காரர் டீ நீட்டினார். "நான்தாங்க அளவுக்கு மீறிக் கழுவிட்டேன். தப்பு என்னோடது" என்றேன்.

"தெரியும்."

"எப்படி?"

"கூப்பிடாமயே காலையும் சாயந்தரமும் வர்றீங்களே. தப்பு பண்ணாத டாக்டரு யாரு அப்படி வருவா? நாளைக்கு வராதீங்க. வேணும்னா நானே கூப்பிடறேன்."

மார்ச் 19
கூப்பிட்டார். செவலை கட்டுக் கட்டாகத் தீனியைக் காலி செய்கிறதாம். அவர் தங்கச்சி வீட்டு மாடும் பிளாஸ்டிக் தின்றிருக்கிறது. "நீங்களே வாங்க டாக்டரம்மா. இந்தத் தடவ கொஞ்சம் அழுக்கோட விட்டுடுங்க."