ஆமை நடுவில் இருக்கும் கம்பளம்

பிரோத்,
நவம்பர் 16

அன்புள்ள ஓக்னியெனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌகரியமாக இருக்கிறோம். நீயும் வின்னிபெக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் சாசேஜ் போடும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தினமும் பாட்டிலால் உருட்டித் தட்டையாக்கி, தறி இருக்கும் அறையில்தான் கொண்டுவந்து தொங்கவிடுகிறார், அங்கேதான் நல்ல காற்றாம். கம்பளத்தில் பூண்டு வாடை அடித்தால் அவரைக் கேள்.

கம்பளத்தைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும். மாடியில் உனக்காகக் கட்டிய அறைக்கு மூன்று மீட்டர் நீளத்தில் ஒன்று நெய்ய, வசந்தத்தில் நானும் ஸ்தாமெனா அத்தையும் தறியில் பாவு நூல் கட்டினோம் இல்லையா. நாங்கள் இரண்டு பேரும் ஏழு வயதிலிருந்து ஒரே பலகையில் உட்கார்ந்து நெய்கிறவர்கள். அவள் அம்மா ரொட்டி சுடப் போன நேரம் பார்த்துத் திருட்டுத்தனமாக ஏறி உட்கார்ந்து நாலு வரி போட்டோம், அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தபோதும், மணி அடித்ததும் என் கால் தறிப் பக்கம்தான் போகும். இடது பாதி அவளுடையது, வலது பாதி என்னுடையது, நடுவில் வரும் ஆமை உருவம் இருவருக்கும் பொது.

போன மாதம் நீ ஃபோனில் அங்கே வீடு வாங்கிவிட்டதாகச் சொன்னாய். நான் சந்தோஷமாகத்தான் பேசினேன். மறுநாள் நெய்யும்போது ஸ்தாமெனாவிடம், அதை நல்ல விலைக்கு விற்றுவிட்டு இரண்டு வருஷத்தில் வந்துவிடுவான் என்றேன். அவள் கையை நிறுத்தாமலே, "வீடு வாங்கினவன் எங்கேடி வரப்போறான், விதோ? மாடி ரூம்ல இதை விரிச்சு எலிக்குக் கல்யாணமா பண்ணப் போறே?" என்றாள். அன்றிலிருந்து மூன்று வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. ஆனால் இரண்டு பேரும் தினமும் வந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பாதியில் வேறொருத்தியை உட்கார வைத்தால் கை மாறி நெசவு வேறாகிவிடும், அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை அப்பா சாசேஜ் கம்போடு உள்ளே வந்தவர் தறியைப் பார்த்துவிட்டு, "இது என்ன கம்பளமா, இல்ல மாட்டுக்கொட்டாய்க் கூரையா?" என்றார். பார்த்தால் ஒரு பக்கம் இரண்டு விரல் சரிந்து கிடக்கிறது. உன் கைதான், இல்லை உன் கைதான் என்று மூன்று வாரத்துக்குப் பிறகு வாய் திறந்தோம். ஸ்தாமெனா, "வாத்தியாரம்மாதானே, வாய்ல எதுக்கு? எண்ணிப் பாரு" என்றாள். எண்ணினேன். ஒரு விரல் அகலத்தில் அவள் பக்கம் இருபது இழை, என் பக்கம் இருபத்தாறு. ஊடையைத் தட்டும் சீப்பை நான் அப்படிப் போட்டு அடித்திருக்கிறேன். கோபத்தில் எழுதுகிற பிள்ளையின் நோட்டில் அடுத்த தாளிலும் எழுத்துப் பதிந்திருக்கும், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என் கையில் அதைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. நம் ஊர்க் கம்பளத்துக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்று கிடையாது, திருப்பிப் போட்டு மறைக்கவும் முடியாது.

என் பக்கத்தை மட்டும் பிரித்துவிடுகிறேன் என்றேன். அவள் தன் பக்கத்தையும் பிரிக்க ஆரம்பித்தாள். உன்னுடையது சரியாகத்தானே இருக்கிறது என்றதற்கு, "பாதி ஆமைய வெச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது?" என்றாள். நான்கு நாள் பிரித்தோம். இரண்டாம் நாள் அவள், "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். எனக்குத் தெரியாததையா நீ சொல்லிவிட்டாய் என்றேன். அதைச் சொன்ன பிறகு ஏனோ கை லேசாகிவிட்டது. இப்போது மறுபடி நெய்கிறோம், நேராக வருகிறது.

ஓக்னியென், நீ ஒவ்வொரு தடவையும் இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன் என்று சொன்னது எங்களுக்காகத்தான் என்று புரிகிறது. இனி அப்படிச் சொல்ல வேண்டாம். மாடி அறையில் அப்பா மிளகாய் உலர்த்திக்கொள்ளட்டும்.

சரியாகச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஆண்டவர் உன்னையும் உன் புது வீட்டையும் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. கம்பளத்தின் அகலம் இரண்டு மீட்டர், அதை இனி மாற்ற முடியாது. நீளத்தை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி விளிம்பு கட்டலாம், கிறிஸ்துமஸ் வரை நேரம் இருக்கிறது. உன் வீட்டு முன்னறையைக் கதவிலிருந்து ஜன்னல் வரை அளந்து, சென்டிமீட்டர் கணக்கில் எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
விதோசவா