மூடிவைத்த கிணறு

குவைத்,
24.3.1963

அன்புள்ள இரஞ்சிதம்,

உம்முடைய கடிதம் கிடைத்தது. சுகமாயிருக்கிறன், வெயில்தான் ஆளைத் தின்னுது. கண்டாவளைக் காணியிலை வெட்டின கிணறு மத்தியானத்தோடை அடியைக் காட்டுதெண்டும், காணியை வித்துப்போட்டு யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வரச்சொல்லி உம்முடைய அண்ணர் ஒற்றைக்காலிலை நிக்கிறாரெண்டும் எழுதியிருக்கிறீர். அவசரப்படாதையும்.

இங்கே எண்ணெய்க் கிணற்றின்ரை அடியை ஆரும் கண்ணாலை காணுறதில்லை. எடுக்கிறதை நிப்பாட்டி, மூடிப்போட்டு, கீழை அமுக்கம் எப்படி ஏறுதெண்டு அளப்பம். அதுதான் என்ரை வேலை. பழைய அளவுக்கு ஏறி வந்தால் கீழை பெரிய இருப்பு. பாதியிலை நிண்டால் இருப்புக் கொஞ்சம், கெதியிலை முடிஞ்சுபோம்.

நீரும் நல்லாய் இறைச்சுப்போட்டு ஒருநாள் கிணற்றை ஆறவிடும். கயிற்றிலை முடிச்சுப் போட்டுத் தண்ணி எவ்வளவு ஏறுதெண்டு பார்த்து எழுதும். தண்ணி இருந்தால் ஆவணியிலை ஒப்பந்தம் முடிய வந்து தோட்டம் செய்வன். இல்லாட்டி இன்னும் மூண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைக்கத்தான் வேணும்.

அன்புடன்,
தவராசா

கண்டாவளை,
10.4.1963

இஞ்சேருங்கோ,

நானும் பிள்ளையும் சுகம். நீங்கள் சொன்னபடி விடியவே இறைப்பிச்சுப்போட்டு, தோட்டத்துக்கு ஒரு வாளிகூட அள்ளாமல், பொழுதுபடுமட்டும் கயிறும் கையுமாய் நிண்டன். பக்கத்துக் காணி வீரகத்தியர், "பிள்ளை, கிணத்துக்கு நாடி பிடிக்கிறியோ?" எண்டு பகிடி பண்ணினார். ஆனால் பாதிக்கு மேலை தண்ணி ஏறவேயில்லை. எனக்கு அழுகை வந்திட்டுது.

உங்கடை
இரஞ்சிதம்

குவைத்,
24.4.1963

இரஞ்சிதம்,

பாதியிலை நிண்டால் கீழை ஒண்டுமில்லை. எனக்குத் தெரிஞ்ச வித்தை இது ஒண்டுதான், அது பொய் சொல்லாது. அண்ணர் சொல்லுற விலைக்குக் காணியைக் குடும். நான் இங்கை கையெழுத்து வைக்கிறன். என்னிலை கோவிக்காதையும்.

தவராசா

கண்டாவளை,
9.5.1963

இஞ்சேருங்கோ,

மூண்டு வருஷமெண்டு எவ்வளவு லேசாய் எழுதிப்போட்டியள்! வாசிச்ச நாள் தொடக்கம் சோறு இறங்கேல்லை. வீரகத்தியரட்டைச் சொல்லி அழுதன். மனுசன், "நீ நாடி பிடிச்ச அண்டைக்கு உன்ரை படலை வாசலிலைதானே தண்ணீர்ப் பந்தல்?" எண்டு கேட்டார்.

ஓம்! புளியம்பொக்கணைக் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் போன சனம் முழுக்க எங்கடை கிணத்துத் தண்ணிதான் குடிச்சது. விடிய இருந்து ஆக்கள் மாறி மாறி அள்ளினவை. தாகத்துக்குக் குடுத்தது தர்மம், அதை இறைச்ச கணக்கிலை ஆர் சேர்ப்பினம்? நீங்களும் ஒரு சொல்லுக் கேக்கேல்லை.

முந்தநாள் திரும்ப ஆறவிட்டன். வீரகத்தியர் கதிரையைக் கொண்டுவந்து போட்டுக் காவல் இருந்தார். பொழுதுபட முந்தியே தண்ணி, இறைக்க முந்திப் போட்ட முடிச்சுக்கே வந்திட்டுது! காணி வாங்க அண்ணர் கூட்டிவந்த ஆளுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பிப்போட்டன். அண்ணர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போறார், போகட்டும்.

கையெழுத்து வைச்சிட்டியளோ? வைச்சாலும் நான் மிளகாய் நடத்தான் போறன். ஆனால் உடனை எழுதுங்கோ.

இரஞ்சிதம்

குவைத்,
22.5.1963

என்ரை இரஞ்சிதம்,

மூடியிருக்கேக்கை ஆரும் எடுத்தவையோ எண்டு இங்கை ஒவ்வொரு கிணத்துக்கும் முதல் கேட்கிறவன் நான். உம்மட்டை மட்டும் கேளாமல் தீர்ப்புச் சொல்லிப்போட்டன். என்ன மடையன் நான்!

வைக்கிறன் எண்டு எழுதினேனே ஒழிய, பேனையை எடுக்கேக்கை எல்லாம் கை ஓடேல்லை. கம்பனித் துரை ஆள் அனுப்ப அனுப்ப, நாளைக்கு நாளைக்கு எண்டு கடத்திக்கொண்டு வந்தன். இண்டைக்குப் போய் முடியாதெண்டு சொல்லியாச்சு.

கப்பல் ஆவணியிலை. பரந்தன் ஸ்ரேசனுக்கு உம்முடைய அண்ணரை அனுப்பாதையும். நீர் வாரும்.

தவராசா