ஐன்ஸ்டீனின் இளைய மகன்

சங்கரன்கோவில்,
5-8-2024

அன்பு மகன் மாரிக்கண்ணனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் நிர்மலாவும் அவள் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று கோமதியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நானும் உன் தம்பி கோகுலும் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன், பாதிதான் உண்மை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறான், நீயும் கனடாவில் யாரோ துரத்துகிற மாதிரி ம் ம் என்று அவசரப்படுகிறாய்.

தம்பி பிறந்தநாளுக்குத் தமிழில் ஐன்ஸ்டீன் வரலாறு அனுப்பினாயே, அதைப் பற்றித்தான். பிசிக்ஸைப் பாதியில் விட்டவன் என்றாலும் அட்டையைக் கண்டதும் அவன் முகம் தெளிந்தது. மாத்திரை போட்டால் எழுத்து அலைகிறதாம், அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் வாசிப்பேன், அவன் கேட்பான். சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் அரிசி அளந்தவளுக்கு அதில் என்ன விளங்கும், முழிப்பேன். அவன் டம்ளரையும் கரண்டியையும் நகர்த்தி நகர்த்தி விளக்குவான். அந்த ஒரு மணி நேரம் அவன் பழைய கோகுல். உன்னை மனதார வாழ்த்தினேன்.

ஆனால் நீ அதை வாசித்துப் பார்த்தா அனுப்பினாய்? ஐன்ஸ்டீனின் இளைய மகனுக்கு, டாக்டருக்குப் படிக்கும்போது, இருபது வயதில் மனசு கலங்கிவிட்டது, நம் கோகுலுக்கு வந்த அதே வயதில். அப்பா அமெரிக்கா கிளம்புமுன் ஒருமுறை போய்ப் பார்த்தார், பிறகு சாகும்வரை பார்க்கவே இல்லை. அம்மாதான் வைத்துப் பார்த்தாள். அவளும் போன பிறகு பதினேழு வருஷம் இருந்து ஆஸ்பத்திரியில் செத்திருக்கிறான். இத்தனை பெரிய புத்தகத்தில் அவனுக்கு இரண்டு பக்கம். சோறு வடிக்கும் நேரத்தில் முன்கூட்டிப் புரட்டியதில் இது கண்ணில் பட்டது. மறுநாள் அந்த இரண்டு பக்கத்தையும் தாண்டி வாசித்தேன். கோகுல் தலையைத் தூக்காமலே, ரெண்டு பக்கத்த விட்டுட்டியேம்மா, நான் காலையிலேயே எழுத்துக்கூட்டி வாசிச்சிட்டேன் என்றான்.

நீ சொன்ன பாளையங்கோட்டை மனநல இல்லத்தையும் போய்ப் பார்த்தேன். குறை சொல்ல முடியாது, சுத்தமாக வைத்திருக்கிறார்கள். ஆறு மாசம்தான, அவன அங்கன விட்டுட்டுப் பிரசவத்துக்கு வாங்கம்மா என்றாய். சரி என்றுதான் பாஸ்போர்ட்டும் எடுத்தேன். இப்போது சொல்கிறேன், நான் வரவில்லை. அந்த அப்பாவும் கப்பல் ஏறும்போது, திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருப்பார். கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்தபோது சிவகிரியில் மாமனார் வீட்டில் பத்து நாள் தங்கினாய், இங்கே ஒரு பகல். அன்று விடியுமுன்பே குளித்துச் சட்டை மாற்றி வாசலில் நின்றவனை நீ கையைப் பிடித்துக்கூடப் பேசவில்லை. அவனைக் கண்டு உனக்குப் பயம், எனக்குத் தெரியும்.

மாசா மாசம் ஊசி போட்டுவிடுகிறேன், வெள்ளிக்கிழமை அம்மன் சன்னதியில், மனசு கலங்கியவர்களை உட்கார வைக்கும் சக்கரக் குழியில் உட்கார வைக்கிறேன், இரண்டையும் விடவில்லை. அங்கே என்னைப் போல எத்தனையோ தாய்மார். என் பிள்ளைக்குப் பிறகு நான் சாக வேண்டும் என்று போன வாரம் வேண்டிவிட்டேன். பெற்றவள் கேட்கிற வரமா இது என்று பிரகாரத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

நிர்மலா என்மேல் வருத்தப்பட வேண்டாம், சம்பந்தியம்மாவை வரச்சொல். பிரசவ மருந்தை இடித்து அனுப்புகிறேன். அவளைக் கனம் தூக்க விடாதே, பனியில் நடக்கவும் விடாதே.

நேற்று புத்தகம் முடிந்தது. மூடி வைக்கும்போது கோகுல் கேட்டான், அந்தப் பையன் அம்மா செத்ததுக்கு அப்புறம் அவன் அண்ணன் அவனப் பாக்க வந்தானாம்மா என்று. புத்தகத்தில் அதைப் போடவில்லை. எனக்குத் தெரியல மக்கா, உங்க அண்ணன்ட்ட கேக்கேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். நிர்மலாவுக்கு இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் கொடு. தம்பி கேட்டதற்குப் பதிலை எனக்கு எழுதாதே, அவன் பெயருக்கே எழுது.

உன் அம்மா
முப்பிடாதியம்மாள்