ஐந்தாம் எண் சட்டையில் புல்கறை

என் செல்வின் அண்ணனுக்கு,

காற்று தொடங்கிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் மழை இறங்கியிருக்கும் போல. சங்கரன்கோவிலுக்கு வழக்கம்போல வெறும் காற்று மட்டும்தான். மொட்டைமாடிக் கொடியில் கால்பந்து கிளப்பின் வெள்ளை ஜெர்சிகள் எல்லாம் வயிறு புடைத்து ஆடுகின்றன. கீழே தெருவில் விசைத்தறி ஓடுகிறது. நான் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சற்றுமுன் கண்ணயர்ந்துவிட்டேன். அரைத்தூக்கத்தில் பார்த்தால், ஐந்தாம் எண் சட்டைக்குள் நீ நிற்கிறாய். தலை இல்லை, கால் இல்லை, உன் தோள் மட்டும். கார்னர் கிக்குக்குக் காத்திருக்கும்போது இடது தோளைச் சற்று இறக்கி நிற்பாயே, அப்படி. "ஏலே ஜெபா, இன்னும் காயலியா?" என்று கேட்டாய். பதில் சொல்ல வாயெடுத்தேன். காற்று நின்றது, சட்டை தொங்கிவிட்டது. நீ கண்மூடி ஒன்றேகால் வருஷம் ஆகிறது. சட்டைக்குள் வருகிறாய், வீட்டுக்குள் ஏன் வருவதில்லை?

மதினி நலம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உன் இடத்தில் யாரும் உட்கார்ந்துவிடாமல் தன் பையை வைத்துவிடுகிறார்கள். நான் இன்னும் நீ சேர்த்துவிட்ட அதே கிட்மேன் வேலையில்தான் இருக்கிறேன். சட்டை துவைக்கிறேன், எண் ஒட்டுகிறேன், பூட்ஸ் தைக்கிறேன். சீசன் முடிந்ததும் மூட்டையை ஊருக்குக் கொண்டுவந்து அலசிப் போடுகிறேன்.

இந்த முறை மூட்டையோடு ஒரு பாரமும் வந்தது. இசக்கிமுத்துவை வைப்பதா, விடுவதா என்று கிளப்பில் பேச்சு. அதே இசக்கிதான். கோலுக்கு முன்னே உன் பக்கத்தில் ஸ்டாப்பராக நின்ற திருவேங்கடத்துக்காரன், உனக்குப் பின் ஐந்தாம் எண்ணை வாங்கிக்கொண்டவன். அவனுக்கும் முப்பத்தைந்து ஆகிவிட்டது, நம்புவாயா?

செவ்வாய்க்கிழமை கோச் போன் செய்தார். சென்னைக்காரர், நல்ல மனுஷன். "ஜெபராஜ், பதினஞ்சு வருஷமா அவன் சட்டையத் தொவைக்கிறீங்க. நீங்க சொல்லுங்க, வெச்சுக்கலாமா, விட்டுடலாமா?" என்றார். கிட்மேனிடம் போய் யாராவது இதைக் கேட்பார்களா, அண்ணே?

"சார், எனக்கு ஆட்டம் தெரியாது. கறை தெரியும். அதச் சொல்லுதேன்" என்றேன்.

பந்து வருவதற்கு முன்பே இடத்தில் போய் நிற்பவன் சட்டையில் புல்கறை இராது. பிந்தியவன்தான் சறுக்கி விழுந்து காலை நீட்ட வேண்டும். இந்த வருஷம் முழுக்க இசக்கியின் இடுப்புப் பக்கம் பச்சைக் கறை. எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை. அதை மறைக்காமல் சொன்னேன். பிறகு அவன் பக்கத்தில் ஆடுகிற சின்னவனின் சட்டையைப் பற்றிச் சொன்னேன். இசக்கி ஆடிய நாளெல்லாம் அது போட்டது போட்டபடி வெள்ளையாகத் திரும்பி வரும். இசக்கி வெளியே உட்கார்ந்த நாளில் அதிலும் கறை. "இசக்கி கத்திக் கத்தியே அவன நிக்க வேண்டிய எடத்துல நிப்பாட்டிருதான் சார். இன்னும் ஒரு வருஷம் வச்சுக்கிடுங்க."

நான் இதைப் படித்தது நீ கழற்றிய ஐந்தாம் எண்ணில். நீ ஆடியவரை வெள்ளையாக வந்த இசக்கியின் சட்டை, கிளப் உன்னை விடுவித்த மறு சீசன் முழுக்கப் பச்சையாகவே வந்தது. துவைக்கத் துவைக்கப் புரிந்தது. அப்போது யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கோச் "யோசிக்கிறேன்" என்றார். யோசித்திருப்பார் என்றே நம்புகிறேன். இசக்கியின் இடத்துக்கு வெளியே காத்திருப்பவனுக்கும் ஒரு வருஷம் ஒரு வருஷம்தானே. அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கும் தலை சுற்றியிருக்கும்.

நேற்றுக் காலை புது ஜெர்சிக்கான லிஸ்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. ஐந்துக்கு நேரே வேறு பெயர், இசக்கி பெயர் எங்குமே இல்லை. திங்கட்கிழமை நாங்களே அறிவிப்போம், அதுவரை யாரிடமும் பேச வேண்டாம் என்று அடியில் ஒரு வரி.

சாயங்காலம் இசக்கி கூப்பிட்டான். "அண்ணாச்சி, புது பூட்ஸு விரல்ல கடிக்கி. நாளைக்கு பதினோரு மணி பஸ்ல கொண்டாரேன், கொஞ்சம் இளக்கித் தாரும். சீசனுக்குள்ள பழகிரும்லா?" வா என்றேன். லிஸ்டைப் பற்றிப் போனில் சொல்லவில்லை.

உன் பூட்ஸ் ஞாபகம் இருக்கிறதா? உன்னை விடுவித்த அந்த வருஷம் நீயும் கொண்டுவந்து கொடுத்தாய். "சோல் பிரியுதுலே, அடுத்த சீசனுக்கு ஒட்டி வையி." நான் வாங்கி ஒட்டினேன், சுற்றித் தைத்தேன், பாலிஷ்கூடப் போட்டேன். உனக்கு இல்லாத ஒரு சீசனுக்கு. விடுவித்துவிட்டோம் என்று கிளப்பின் கடிதம் வந்த அன்று நீ யாரையும் திட்டவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "ஒனக்கு எப்பலே தெரியும்?"

"ஒனக்குத் தெரிஞ்சப்பத்தாண்ணே" என்றேன்.

நீ தலையாட்டினாய். நம்பித்தான் ஆட்டினாயா? பிறகு நாம் எத்தனை கிறிஸ்துமஸ் ஒன்றாகச் சாப்பிட்டோம். அந்த பூட்ஸை மட்டும் நீ கடைசிவரை திருப்பிக் கேட்கவே இல்லை. அது என் அலமாரியில் இருக்கிறது.

ஒன்பது நாள், அண்ணே. ஒன்பது நாளைக்கு முன்பே உன் பெயர் இல்லாத லிஸ்ட் என் கையில் இருந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைவிட உன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். பூட்ஸைத் தைத்துக்கொண்டிருந்தால் குனிந்தே இருக்கலாமே. என்னை மன்னித்துவிடு.

மணி பத்தரை. காற்று மறுபடி எழுந்திருக்கிறது, ஐந்தாம் எண் மெல்லத் தோள் வாங்குகிறது. நீதான் என்றால் கொஞ்சம் நில், இதைக் கேட்டுவிட்டுப் போ. இன்று இசக்கி வாசலில் நின்று பூட்ஸை நீட்டுவான். நான் கையை நீட்டமாட்டேன். முதலில் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். எப்போது தெரியும் என்று கேட்டால் நேற்றுக் காலை என்பேன். கிளப்பில் என்ன சொன்னாலும் சொல்லட்டும். அவன் கத்தலாம், படியில் உட்கார்ந்து அழலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அதன்பிறகும் அவன் பூட்ஸை நீட்டினால், வாங்கி இளக்கித் தருவேன்.

உன் பூட்ஸை இன்னும் வைத்திருக்கும் தம்பி,
ஜெபராஜ்